லாரிச் சமையலுக்குப் போன உளவாளி

நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சாப்பாட்டில்தான் வந்து நிற்கிறது. அதாவது, என்னென்ன சாப்பிடக் கூடாது என்பதில். உங்களுக்கு உப்பு ஆகாது, எனக்குச் சர்க்கரை ஆகாது, ஓரத்தில் உட்காருகிறவருக்கு இரண்டும் ஆகாது. காலையில் பூங்காவில் நடக்கிறோம் என்று பேர்தான். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தின்ன முடியாததையெல்லாம் வாயால் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஓட்ஸ் குடிக்கிறோம். அப்படி ஒரு நாள், வாழ்க்கையிலேயே ருசியாக எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேள்வி வந்தது. ஒருவர் அக்கா கல்யாணம் என்றார். ஒருவர் மதுரை என்றார். நான், "லாரிக்கு அடியில" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பது உங்களுக்குப் பழகிவிட்டது. அதற்கு நானேதான் பொறுப்பு. ஆனால் அன்று நான் தமாஷ் பண்ணவில்லை.

அது என் அப்பா ஓட்டிய லாரி. அப்பா சமைத்த சாப்பாடு. எனக்குப் பத்து வயது, முழுப்பரீட்சை லீவு. அடுத்த கோடையைப் பார்க்க அப்பா இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒளித்துவைத்து உங்களை அழவைக்கிற ரகம் நான் இல்லை. அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்பாவை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்தையும்.

பாலக்கரையில் மாதா கோவில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். மணியைவிட எங்கள் சந்தில் செய்திதான் சீக்கிரம் பரவும். அப்பா தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பெங்களூர் தாண்டிப் பூனா வரைக்கும் போவார். திரும்பும்போது வெங்காயம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அப்பா வந்து நின்றால் சாமியாரே ஒரு கணம் பிரசங்கத்தை மறந்துவிடுவார், அவ்வளவு அபூர்வம். வீட்டுக்கு வருகிற நாளில் அம்மா மத்தியானத்திலிருந்தே அம்மியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அப்பா குளித்து, தலை துவட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் குழம்புச் சட்டி காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார். அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்பா நண்டுக் காலைக் கடிக்கிற சத்தம், அடுத்த வீட்டுக்காரர்கள் அதை வைத்தே அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் அப்பா தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார்.

"வழியிலயே சாப்பிட்டுட்டேன்."

அம்மா முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை. விரால் மீன் குழம்பு வைத்த நாளிலும் அதையே சொன்னபோது அம்மாவின் முகம் போன போக்கு சரியில்லை. லாரி டிரைவர்களைப் பற்றி எங்கள் சந்தில் ஒரு பொது அறிவு உண்டு. வழி நெடுக அவர்களுக்கு வீடு இருக்கும் என்று. யாரும் பார்த்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினாள். பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் பெரியம்மா அங்கே ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருந்தாள். பெரியம்மா எங்கள் குடும்பத்தின் உச்ச நீதிமன்றம். மேல்முறையீடு கிடையாது.

"சாப்பிட மாட்டேங்குறாருக்கா. வழியில சாப்பிட்டேங்குறாரு."

"எந்த வழியில?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டு மனுசன் கல்யாண வீட்டுல தின்னுட்டு வந்து இங்க மறுபடியும் தட்டப் போடுறாரு. ஆம்பளைக்கு வயிறுங்கிறது அப்படித்தான்டி. வேண்டாம்ங்கிறான்னா, எவளோ பக்கத்துல உக்காந்து பரிமாறியிருக்கா."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பெரியம்மா என்னைப் பார்த்தாள். சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள்.

"இவளுக்கு லீவுதானே? ஊர் பாக்கணும்னு அழச் சொல்லு. லாரியில ஏத்தி அனுப்பு."

இப்படித்தான் நான் துப்பறியும் துறையில் சேர்ந்தேன். பயிற்சியும் பெரியம்மாவே கொடுத்தாள். அப்பாவின் சட்டையில் பவுடர் வாசனை அடிக்கிறதா, சீட்டில் நீள முடி கிடக்கிறதா, பூ, வளையல் துண்டு, கொண்டை ஊசி ஏதாவது அகப்படுகிறதா, எந்த ஊரில் எந்தப் பொம்பளை அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். பிற்காலத்தில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து, ஊரார் பேசுவதையெல்லாம் ஹெட்போனில் கேட்டுக் காலம் தள்ளினேன் என்றால், அடிப்படைப் படிப்பு ஸ்ரீரங்கத்தில்தான்.

அப்பாவிடம் சொன்னதும் தயங்கினார். "பொம்பளப் புள்ள. வெயிலு வேற. குளிக்கக் கொள்ள எடம் கிடையாது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பாத்தியா தயங்குறாரு, என்று எழுதியிருந்தது. நான் அழுதேன். நன்றாகவே அழுவேன். அப்பா, "சரி அம்மாடி, வா" என்றுவிட்டார்.

லாரி காவேரிப் பாலம் ஏறி இறங்கி ஸ்ரீரங்கத்தைத் தாண்டித்தான் தொட்டியம் போக வேண்டும். அரசாங்கத்தின் டோல்கேட் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு அதற்கு முன்னால் ஒன்று இருந்தது: பெரியம்மா. ரோட்டில் ஊறுகாய் ஜாடியோடு நின்று கையைக் காட்டி லாரியை நிறுத்தினாள். "தம்பி, மாங்காய் ஊறுகாய். வழியில தொட்டுக்க," என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே தலையை உள்ளே நீட்டி, சீட்டு, படுக்கை, கண்ணாடி மேலே மாட்டியிருந்த மாதா படம் வரை சோதனை போட்டாள். அப்போது சாமான் பெட்டியிலிருந்து கருவாட்டு வாசனை ஸ்ரீரங்கத்துக் காற்றில் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு மாமி மூக்கைப் பொத்தியபடி வந்து என்னைப் பார்த்தாள்.

"கொழந்தைய லாரியில அனுப்பறேளே. ரங்கநாதன்தான் ரக்ஷிக்கணும்."

"அவரையும் கூட்டிட்டுப் போறோம் மாமி, எடம் இருக்கு," என்றார் க்ளீனர்.

க்ளீனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அப்பாவைவிட மூத்தவர். மருங்காபுரிப் பக்கம் வானத்தைப் பார்த்து விவசாயம் செய்து, வானம் திரும்பிப் பார்க்காமல் லாரிக்கு வந்தவர். ஸ்டீயரிங்கைத் தொட மாட்டார். கேட்டால், "அது எனக்கு ஆகாது," என்பார், கத்தரிக்காய் ஆகாது என்பதுபோல. அப்பா அவரை அண்ணே என்பார்; அவர் அப்பாவை டிரைவரே என்பார்.

லாரியின் இடது பக்கம் ஒரு மரப்பெட்டி பூட்டோடு தொங்கும். அதுதான் சமையல்கட்டு. பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ், அடி கறுத்த அலுமினியக் குண்டான், இரும்புச் சட்டி, புளி, மிளகாய்த்தூள் அடைத்த டப்பாக்கள், காகிதத்தில் சுற்றிய கருவாடு. அப்பா நிழலைப் பார்த்து நிறுத்த மாட்டார், தண்ணீரைப் பார்த்து நிறுத்துவார். எங்காவது பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டால் போதும், லாரி ஓரம் கட்டிவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் தார்ப்பாயின் ஓரத்தை இறக்கிவிட்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ்வை வைப்பார். லாரியே கூரை, லாரியே சுவர். எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது சூடான டயர் வாசனையும் கிரீஸ் வாசனையும் சின்ன வெங்காய வாசனையும் ஒன்றாக எழும்பும். எத்தனையோ சமையலறை பார்த்துவிட்டேன், அந்த வாசனை எங்கேயும் இல்லை. இருந்தால் முனிசிபாலிட்டியில் சீல் வைத்துவிடுவார்கள்.

போகும்போது சாவகாசமாகச் சமைக்க முடியாது. வாழைத்தார் ஏற்றிய வண்டி நின்றால் காய் பழுக்கும். பழுத்தால் மண்டிக்காரர் முகம் பழுக்கும். அதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். அரிசி கொதி வந்ததும் இறக்கி, மூடியைக் கயிற்றால் கட்டி, கோணியில் சுற்றி, கேபினுக்குள் எஞ்சின் மூடிமேல் வைத்துவிடுவார். மீதியை எஞ்சின் வேகவைக்கும். தும்கூரில் கொதித்த அரிசி சிராவில் சோறாக இறங்கும். ஸ்பீடு குறைந்தால் அரைவேக்காடு, மேடு ஏறினால் குழைவு. குண்டான் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்கிற வேலை எனக்கு. என் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே பொறுப்பான வேலை அதுதான்.

முதல் நாள் சாப்பாடே கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. குழம்பை அப்பா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு திரும்பித் துப்பினார். பெரிய சமையல்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் போல என்று நினைத்தேன். எனக்கும் க்ளீனருக்கும் குவித்துப் போட்டு, தன் தட்டிலும் போட்டுப் பிசைந்தார். அழகாகப் பிசைவார். பிசைந்த தட்டை ஒரு கையிலும் இரும்புக் கம்பியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, "டயர் பாத்துட்டு வரேன்" என்று போனார். டங், டங் என்று சக்கரத்தைத் தட்டுகிற சத்தம் லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தது. திரும்பி வந்தபோது தட்டு காலி. பின்னால் இரண்டு நாய்கள், வாலை ஆட்டிக்கொண்டு.

எல்லா ஊரிலும் இப்படியே. எந்த ஊரில் நிறுத்தினாலும் அப்பாவை ஏற்கெனவே தெரிந்த நாய்கள் எங்கிருந்தோ ஓடி வரும். நான் பொம்பளைகளைத் தேடிக்கொண்டிருந்ததால் நாய்களைச் சந்தேகிக்கவில்லை.

அந்தப் பயணம் முழுக்க நான் அசுரத்தீனி தின்றேன். தக்காளிச் சோறு, மொச்சைக் குழம்பு, முட்டையை உடைத்து ஊற்றிய புளிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கேபினில் ஏற க்ளீனர் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. "பாப்பா, போற போக்கப் பாத்தா உன்னையும் எடை போட்டுத்தான் செக்போஸ்ட்ல விடுவான்," என்பார். அப்பா சிரிப்பார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு வாய்க்கும் அவருடைய தொண்டையும் சேர்ந்து ஒரு முறை ஏறி இறங்கும்.

உளவு வேலையும் நடந்தது. ஒரு நாள் சாமான் பெட்டியில் கொண்டை ஊசி கிடைத்தது. பாவாடையில் முடிந்துவைத்திருந்தேன். சாயங்காலம் அப்பா பெட்டி முழுக்கத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஸ்டவ்வு அடைச்சுக்கிச்சு. குத்துற ஊசி எங்கங்க?"

"எந்த ஊசி?"

"வீட்டுல அவ கொண்டையிலேர்ந்து உருவிட்டு வந்தேனே, அது."

நான் பாவாடையை அவிழ்த்து ஊசியை நீட்டினேன். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எதற்காக அதை முடிந்துவைத்தேன் என்று கேட்கவில்லை. ஸ்டவ்வின் கண்ணைக் குத்திக்கொண்டே, "பெரியம்மா வேற என்னென்ன தேடச் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உளவாளிகளில் இவ்வளவு சீக்கிரம் உண்மையைக் கக்கியவள் நானாகத்தான் இருப்பேன். அப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "பவுடர் வாசனையா?" என்று தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தார். டீசல்தான் அடித்தது.

திரும்பும்போது வெங்காய லோடு. அவசரம் இல்லை. கஞ்சி வடித்தே சோறாக்கினார். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, லோட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக் குடிப்பார். ஒரு மிடறு. நிறுத்துவார். இன்னொரு மிடறு.

"சோறு வேணாமாப்பா?"

"சத்தெல்லாம் இதுல இறங்கிடுச்சு அம்மாடி. நீயும் அண்ணனும் திங்கிறது சக்கை."

ஹூப்ளியைத் தாண்டி, கரிசல் காட்டு ஓரத்தில் ஒரு வேப்பமரம். அன்றைக்கும் கருவாட்டுக் குழம்பு. அந்த வாசனையை அப்பாவால் தாங்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். டயர் பார்க்கப் போகவில்லை. எங்களோடேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு உருண்டை பிடித்து, சின்னதுதான், வாயில் போட்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார்.

அவருடைய கண் இரண்டும் பெரிதாயின. மார்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்து லாரிக்குப் பின்னால் போனார். உடனே க்ளீனர் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கம்பியை எடுத்து, பக்கத்தில் இருந்த சக்கரத்தைப் படபடவென்று தட்ட ஆரம்பித்தார். "இந்த டயர்ல காத்து கம்மி டிரைவரே, இந்த டயர்ல காத்து கம்மி," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அப்பா பின் கதவில் ஒரு கையை ஊன்றிக் குனிந்திருந்தார். உருண்டை அப்படியே வெளியே வந்து மண்ணில் கிடந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

"மொளகா ஜாஸ்தியாயிடுச்சு அம்மாடி."

"எனக்கு ஒறைக்கவே இல்லையேப்பா."

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு," என்று சிரித்தார். தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தார். நாய் ஒன்று வந்து நின்றது.

க்ளீனர் எனக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னார்: "சூடு பாப்பா. எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து வயித்துல சூடு ஏறிக்கிச்சு. எளநி குடிச்சா சரியாயிடும்." லாரிக்காரர்களுக்கு இருந்த ஒரே வியாதி சூடு, ஒரே மருந்து இளநீர். அவர் அதை நம்பித்தான் சொன்னார். கம்பியால் தட்டியது மட்டும் எனக்கு ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்தோம். என் பாவாடை நாடா எட்டவில்லை. மறுநாளே ஸ்ரீரங்கத்தில் விசாரணை. அம்மா ஒரு பக்கம், பெரியம்மா ஒரு பக்கம், நடுவில் நான், கையில் முறுக்கு.

"பொம்பள எவளாவது?"

"இல்ல பெரியம்மா."

"எங்கயாவது இறங்கிப் போனானா?"

"டயர் பாக்க மட்டும்தான் போவாரு. அப்பாதான் எங்களுக்குச் சமைப்பாரு. ஆனா அவரு சாப்பிட மாட்டாரு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

"என்னது?"

"சாப்பிட மாட்டாரும்மா. நாய்க்குப் போட்டுடுவாரு. கஞ்சித் தண்ணிதான் குடிப்பாரு. ஒருநாள் சாப்பிட்டாரு, அதுவும் வெளிய வந்துடுச்சு."

பாருங்கள், நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வரிசை மாறாமல் சொன்னேன். கேட்டவர்கள் டாக்டர்கள் இல்லை, அக்காவும் தங்கையும்.

பெரியம்மா நிதானமாகச் சொன்னாள். "நான் சொன்னேன்ல? இவளை வெச்சுக்கிட்டு அவ வீட்டுக்குப் போக முடியல. அதான் ஏக்கம். அவ கை ருசி பழகினவனுக்குத் தன் கையால சமைச்சதே எறங்க மாட்டேங்குது. நாய்க்குப் போடுறானாம்ல, நாய்க்கு."

"வெளிய வந்துச்சுங்குறாளேக்கா," என்றாள் அம்மா. இதை நான் நினைவில் வைத்திருக்கிறேன். அம்மா ஒரு தடவை கேட்டாள்.

"வசிய மருந்து வெச்சிருப்பா. வேற சோறு தங்காது."

அதோடு கேஸ் முடிந்தது. என் பாவாடை நாடா எட்டாததும் சாட்சியமாகச் சேர்க்கப்பட்டது: புள்ள வாயை அடைக்கத் தின்னக் குடுத்திருக்கான்.

அப்பா அடுத்த தடவை வீட்டுக்கு வந்தபோது அம்மா எனக்கு மட்டும் தட்டு வைத்தாள். அப்பா குளித்துவிட்டு வந்து நின்றார்.

"எங்க தின்னீங்களோ அங்கேயே தின்னுக்குங்க. இனிமே இங்க உங்களுக்குத் தட்டு கிடையாது."

அப்பா வாதாடுவார் என்று நான் காத்திருந்தேன். "சரி," என்றார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். அவர் முகத்தில் நான் பார்த்தது நிம்மதி. நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். பெரியம்மாவின் அகராதியில் அப்படித்தான் போட்டிருந்தது. நிம்மதிக்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது: இனி யாரும் அவர் சாப்பிடுவதைப் பார்க்கப்போவதில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை.

அம்மாவுக்கு அந்த "சரி" போதவில்லை. இன்னொரு நாள் வழியை மறித்து நின்றாள்.

"யாருன்னு சொல்லிடுங்க. தெரிஞ்சிட்டாலாவது நிம்மதியா இருப்பேன்."

அப்பா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவை.

"சித்ரதுர்கா பக்கம்," என்றார்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எப்படி இருப்பாள், என்ன வயது என்றெல்லாம் கேட்கவில்லை. "என்ன சமைச்சுப் போடுறா?" என்று கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ரசம் நல்லா வெப்பா."

"என் ரசத்துக்கு என்னங்க கொறை?" என்று அம்மா அழுத அழுகையை என்னால் இப்போதும் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. அப்பா கைகழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டார். அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. இல்லாத ஒருத்திமேல் அம்மா கோபமாக இருப்பது, இருக்கிற ஒன்றைக் கண்டு பயப்படுவதைவிடத் தேவலை என்று நினைத்திருக்கலாம். அல்லது, விழுங்க முடியாதவனுக்கு ஸ்டீயரிங் கொடுக்க மாட்டார்கள் என்றும் நினைத்திருக்கலாம். என்ன நினைத்தாரோ, தப்புக் கணக்கு. அவர் ஒரு கணக்குப் போட்டார், பெரியம்மா ஒரு கணக்குப் போட்டாள், இரண்டும் சேர்ந்து மழைக்காலம் முழுவதையும் விழுங்கிவிட்டது. அந்த வீட்டில் விழுங்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அப்பா இளைத்தார். சட்டை ஹாங்கரில் தொங்குவதுபோல அவர்மேல் தொங்கியது. "ரெண்டு குடும்பத்துக்கு உழைச்சா இளைக்காம என்ன செய்வான்," என்றாள் பெரியம்மா.

கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டிக்கொண்டிருந்தபோது க்ளீனர் அப்பாவை ஆட்டோ ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்தார். தொட்டியம் ரோட்டில் லாரியை ஓரம் கட்டிவிட்டு அப்படியே ஸ்டீயரிங்மேல் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவின் வயிற்றையும் தொண்டையையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"எவ்வளவு நாளா இவருக்குச் சாப்பாடு இறங்கல?"

"அவரு வெளிய சாப்பிடுறவருங்க," என்றாள் அம்மா.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

உணவுக்குழாயில் கட்டி. கஞ்சியே இறங்காத அளவுக்கு அடைத்துவிட்டது. செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா அதன்பிறகு மூன்று வேளையும் சமைத்தாள். இறால், நண்டு, விரால். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். அப்பா வாசனை பிடிப்பார். எடுத்துக்கொண்டு போய் எனக்குப் போடுவாள். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னாலேயே அப்பா போய்விட்டார்.

பெரியம்மா வந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தீர்ப்பைத் திருத்தவில்லை, நீதிமன்றத்தையே மூடிவிட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவள் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்கவில்லை.

க்ளீனர் சில நாள் கழித்து வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். அப்படி எவளும் கிடையாதும்மா. நான்தானே கூடவே இருந்தேன். வழி பூரா கஞ்சித் தண்ணிதான். அதுவும் பாதி நேரம் நிக்காது. நான் டயரைத் தட்டிக்கிட்டே இருப்பேன், புள்ளைக்குக் கேக்கக் கூடாதுன்னு."

அம்மா கதவின் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க அவருக்கு ஆளுதானே. அப்படித்தான் சொல்லுவீங்க."

"சத்தியமாம்மா. என் தலைமேல—"

"போங்கண்ணே. போயிட்டு வாங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். நம்பாத முகம் இல்லை அது. நம்பிவிட்ட முகம். அவர் சொல்வது நிஜம் என்றால், சித்ரதுர்காவில் ரசம் வைக்க யாரும் இல்லை என்றால், அம்மா தட்டை எடுத்துவிட்ட அந்த மாதங்களில் அப்பாவுக்குச் சோறு போட உலகத்தில் ஒருத்தரும் இல்லை. கதவைச் சாத்தாமல் அவள் வேறு என்ன செய்வாள்?

அதனால் அந்தப் பெண் எங்களோடேயே தங்கிவிட்டாள். வேலைக்குப் போன புதிதில், கொஞ்சம் படித்துவிட்ட திமிரில், நான் ஒரு தடவை அம்மாவிடம் வியாதியைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து நான் கட்சி மாறிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில் தமாஷ். அதை வைத்து அம்மாவுக்கு வேண்டியதைச் செய்தேன். சித்ரதுர்காக்காரிக்கு மாறுகண் என்று ஒருநாள் சொன்னேன்.

"மாறுகண்ணா?" அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போயும் போயும் மாறுகண்ணியவா புடிச்சாரு?"

பிறகு அவளுக்கு மூக்குத்தி வந்தது. மூட்டுவலி வந்தது. எனக்குச் சர்க்கரை வந்த வருஷம் அவளுக்கும் வந்தது. அம்மா அவளைத் தினமும் திட்டுவாள். பல் தேய்ப்பதுபோல அது ஒரு பழக்கம்.

இப்போது அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பாதி நாள் நான் யார் என்றே சந்தேகம் வருகிறது. சித்ரதுர்காக்காரி யார் என்பதில் மட்டும் சந்தேகமே வருவதில்லை. போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன்டி, நீ லாரியில போனேல்ல?"

"போனேம்மா."

"அவளைப் பாத்தேல்ல?"

ஐம்பது வருஷத்தில் இப்படி நேராகக் கேட்டது இல்லை. அன்றைக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டு நான் சொன்ன பதிலை மறந்துவிட்டாள்.

"பாத்தேன்."

"விளையாடாத. நெஜத்தைச் சொல்லு. அந்த மனுசன் பசியோட போகலையே?"

அவளுடைய விரல்களில் இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இல்லம்மா. வயிறாரப் போட்டா. பக்கத்துலயே உக்காந்து போட்டா."

"நீ பாத்தியா?"

"நானும் கூடத்தானே உக்காந்து தின்னேன்."

அம்மா என் கையை விட்டாள். தலையணையில் சாய்ந்துகொண்டு விட்டத்தைப் பார்த்தாள்.

"நாசமாப் போறவ," என்றாள், நிம்மதியாக.